முன்னால என்ன அரைச்சீங்க

மாவு மில்லில் வரிசையில் நிற்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "முன்னால என்ன அரைச்சீங்க?" என்பதுதான். மிளகாய் அரைத்த கல்லில் அரிசியைக் கொட்டிவிட்டு, அந்த மாவில் இடியாப்பம் பிழிந்து பிள்ளைகளுக்கு ஊட்டியவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் அருமை தெரியும். கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சீத்தா கேம்பில் சபுராவின் வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மச்சுக்குப் போகிற இரும்பு ஏணியின் அடியில், துவைத்த வெள்ளைத் துணி போர்த்தி அவள் வைத்திருந்த சின்ன மிஷினில் பாதாமைத் தவிர வேறு பருப்பு போனதில்லை. கோதுமை ஒரு மணி விழுந்ததில்லை. அல்லாவுக்குத் தெரியும், தனக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்த ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும்.

பத்து மணிக்கு ஷ்ருதியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சபுரா தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"சபுரா அக்கா, மிருதுவோட ரிப்போர்ட் வந்தது. ரத்தத்துல அந்த நம்பர் மறுபடி ஏறிடுத்து. எங்கேயோ கோதுமை உள்ள போயிண்டிருக்குன்னு டாக்டர் சொல்றார். ஸ்கூல்ல பாத்தாச்சு, பெருங்காயம், டூத்பேஸ்ட் எல்லாம் பாத்தாச்சு. பாக்கி உங்க மாவு ஒண்ணுதான். நான் சந்தேகப்படலை அக்கா. நாலு மணிக்கு வந்து மிஷினை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

சபுரா மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டாள். சந்தேகப்படவில்லை என்று சொல்கிறவர்கள் எதற்காக அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கோபமும் வந்தது.

ஷ்ருதி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து திலக் நகருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் மிருதுவுக்கு எட்டு வயது. கோதுமை ஆகாத பிள்ளை. ஒரு சப்பாத்தி விள்ளல் போனாலும் குடல் புண்ணாகி, தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. ஆறு வயதில் நாலு வயதுப் பிள்ளையின் எடையோடு இருந்தவளைத்தான் சபுரா முதலில் பார்த்தாள். மணிக்கட்டு தீக்குச்சி கணக்காக இருந்தது. கடையில் விற்கிற பாதாம் மாவுப் பாக்கெட்டில், கோதுமையும் கையாளுகிற ஆலையில் செய்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். கோதுமையே தொடாத ஒரு மிஷின் எங்கேயாவது இருக்கிறதா என்று ஷ்ருதி தேடிக்கொண்டிருந்தாள். சபுரா அப்போது திலக் நகர் வீடுகளுக்குச் சத்துமாவு கொடுத்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ளைக்கு நான் தனி மிஷின் போடுதேன்" என்று அவளாகத்தான் சொன்னாள். சத்துமாவை அன்றோடு விட்டாள். தாராவியில் சொரிமுத்து என்கிற மிஷின் ரிப்பேர்காரரிடம் சொல்லி, இரண்டு வட்டக்கல் வைத்த வீட்டு மிஷின் ஒன்றைப் பிடித்து, பழைய கல்லைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக்கல் போட்டாள். ஒன்றரை வருஷத்தில் மிருதுவுக்குக் கன்னம் வந்தது. ஷ்ருதி தன் வாட்ஸப் குரூப்பில் சொல்ல, அதே தொந்தரவு உள்ள பிள்ளைகளின் தாய்மார் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். வீட்டுச் செலவில் பாதி இப்போது அந்த மிஷினிலிருந்து வருகிறது. புருஷன் காசிம் தாராவிப் பட்டறையில் தைக்கிற தோல்பைக் கூலியில் மிச்சப் பாதி.

பாதாமை மாவாக்குவது கோதுமை அரைக்கிற மாதிரி அல்ல. கோதுமையைக் கொட்டிவிட்டு நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வரலாம். பாதாமுக்கு மூன்று நாள் வேலை. வெந்நீரில் போட்டுத் தோலை நசுக்கி உரிக்க வேண்டும். துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் காய வைக்க வேண்டும், மழைக்காலத்தில் மூன்று நாளும் போதாது. காய்ந்ததை ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்து, கல் போலக் குளிர்ந்த பிறகு, விடியற்காலையில், கை கையாகப் போட வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் கல் சூடேறி எண்ணெய் விட்டுவிடும். அப்புறம் வருவது மாவு அல்ல, விழுது. கல்லின் கொத்துக் குழிகளில் எல்லாம் எண்ணெய் ஏறி அப்பிக்கொள்ளும்.

"எண்ணெ ஏறுச்சுன்னா ஒரு கை அரிசியப் போட்டு ஓட்டுங்க தாயி, அது எல்லாத்தையும் இழுத்துரும்" என்று சொரிமுத்து சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் அப்படித்தான் செய்தாள். பாதாமுக்கு முன்னால் ஒரு கை அரிசி, பின்னால் ஒரு கை. ஆனால் கல்லிடுக்கில் தங்கின அரிசிக்குருணை அடுத்த மாவில் வந்து விழுந்தது. ஒருநாள் மிருது, "மாவு ஆன்ட்டி, ரொட்டி கடக்கு கடக்குங்கறது" என்று போனில் சொல்லிச் சிரித்தாள். விழுந்து கொண்டிருந்த பால்பல் பிள்ளைக்கு. சபுராவுக்கு அது பொறுக்கவில்லை. யோசித்து யோசித்து, அரிசியை விட்டுவிட்டு ரவைக்கு மாறினாள். ரவை மெத்தென்று இருந்தது, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு வந்தது, மாவின் வெள்ளை நிறமும் கெடவில்லை. இது அவளே கண்டுபிடித்த வித்தை. சொரிமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற மாவில் கோதுமை எப்படி வரும்? யாராவது கொண்டு வந்து போட்டால்தான் வரும். தேங்காயை அப்படியே விட்டுவிட்டு ஏணிப்படியைப் பார்த்தாள். மேலே மச்சில் பரீஹா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பரீஹா, மூத்த மகன் காலிதின் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம். காலித் கப்பலில் சமையல் வேலைக்குப் போய் நாலு மாதமாகிறது. உல்லாஸ்நகரில் வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"பரீஹா, கீழ வா."

இறங்கி வந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள்.

"மூணு வாரத்துக்கு முன்னால நான் தாராவிக்குக் கலியாண வீட்டுக்குப் போனேம்லா. அன்னைக்கி நீ இந்த மிஷின்ல கோதும அரைச்சியா?"

"இல்ல மாமி."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? நான் அதைத் தொடவே இல்ல. தொடக்கூடாதுன்னு நான் வந்த அன்னைக்கே நீங்க சொன்னீங்கள்ள."

"நான் திரும்பி வரும்போது துணி மேல வெள்ளையா கொட்டிக் கெடந்துச்சே."

"அது வேர்க்குரு பவுடர் மாமி. கழுத்துக்குப் போடும்போது கொட்டிருச்சு. அன்னைக்கே சொன்னேன்."

"டின் நெறைய ஆட்டா இருந்துச்சு. அது எங்கேருந்து வந்துச்சு?"

"ஜஹாங்கீர் பாய் சக்கியில அரைச்சுட்டு வந்தேன். பாரிஷ்ல நனைஞ்சுக்கிட்டே தூக்கிட்டு வந்தேன். வேணும்னா போய்க் கேளுங்க. ரெண்டு கல்லி தள்ளித்தானே."

இரண்டு சந்து தள்ளித்தான். குடையை விரித்துக்கொண்டு போனால் ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். சபுரா போகவில்லை. மருமகள் சொன்னது உண்மையா என்று மாவு மில்லில் போய் விசாரித்தால், சாயங்காலத்து அசர் பாங்குக்கு முன்னால் கேம்ப் முழுக்க அது பேச்சாகிவிடும். இன்னொரு காரணமும் இருந்தது. ஜஹாங்கீர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிறகு வேறு யாரைச் சொல்வது? இந்த இரண்டாவது காரணத்தை அவள் தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து காசிம் வந்தான். பட்டறைக்கு வெள்ளிக்கிழமை லீவு. நெய்ச்சோறும் கறியாணமும் தட்டில் விழுந்தபோதே வீட்டின் காற்று சரியில்லை என்று கண்டுகொண்டான். சபுரா விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரு வாய் சோற்றைப் பிசைந்துகொண்டே மருமகளைப் பார்த்தான்.

"அவ இல்லேங்காள்லா. விடேன் சபுரா."

"விட்டுட்டு? நாலு மணிக்கு அவிய வந்து நிப்பாவ. கோதும எப்படி வந்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்? தெரியலன்னா? தெரியலன்னு சொல்லுதவகிட்ட எந்தத் தாயி மாவு வாங்குவா?"

"அதுக்கு என்ன செய்யணும்ங்கே?"

சபுரா பரீஹாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். அதட்டுகிற சபுராவைவிடத் தணிந்து பேசுகிற சபுராவிடம்தான் பயப்பட வேண்டும்.

"இங்க பாரு தாயி. நீ ஒண்ணு செய்யி. அவிய வந்ததும், ஒருநாள் தெரியாம கோதும அரைச்சிட்டேன்னு சொல்லிரு. நீ புதுசா வந்த பிள்ளை. தெரியாம செஞ்சிட்டேன்னா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ. கல்ல மாத்திருவோம். காரியம் முடிஞ்சு போவும்."

"செய்யாததை எப்படி மாமி செஞ்சேன்னு சொல்றது?"

"செஞ்சியோ செய்யலியோ, அத அல்லா பாத்துக்கிடுவான். ஆறு வீட்டுப் பொழப்பு இது."

பரீஹா மாமனாரைப் பார்த்தாள். அவன் எலும்பைத் தட்டின் ஓரம் ஒதுக்கினான். "சொல்லிட்டுப் போயேம்மா" என்றான். "ஒரு வார்த்ததான."

ஒரு வார்த்தைதானே என்கிறவர்கள் எந்தக் காலத்திலும் அந்த வார்த்தையைத் தாங்கள் சொல்லப் போகிறவர்கள் அல்ல. பரீஹா தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். அழவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே எழுந்து கைகழுவினாள்.

நாலு மணி ஆவதற்குள் சபுரா வீட்டை இரண்டு தடவை கூட்டினாள். ஆட்டா டின்னை மச்சுக்கு ஏற்றினாள். மிஷின் துணியை எடுத்துவிட்டு வேறு துணி போட்டாள். மழை தகரத்தில் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அது நிற்கும்போதெல்லாம் ஆட்டோ சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள்.

ஷ்ருதி வந்தபோது மணி நாலேகால். மிருதுவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் ரெயின்கோட்டைக் கழற்றிய பிள்ளையைச் சபுரா உற்றுப் பார்த்தாள். ரம்ஜானுக்கு முன்னால் பார்த்த கன்னம் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இவ்வளவு நேரமும் மிஷினைப் பற்றியும் ஆறு வீட்டைப் பற்றியும் நினைத்தோமே, இந்த முகத்தை நினைக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"வாங்க ஷ்ருதிம்மா. உக்காருங்க. வா கண்ணு."

"மாவு ஆன்ட்டி, உங்க ஆத்து ஏணி மேல ஏறட்டுமா?"

"ஏறு தாயி, பைய ஏறு."

மிருது ஏணியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டாள். ஷ்ருதி தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். முகத்தில் கோபம் இல்லை. தூங்காதவளின் முகமாக இருந்தது. சபுரா மருமகளைப் பார்த்தாள். பரீஹா சுவரோரமாக நின்று துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "நான் ஒருநாள் இந்த மிஷின்ல கேஹூ அரைச்சுட்டேன். மாமி இல்லாதப்ப. தெரியாம."

காசிம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷ்ருதியின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. காரணம் கிடைத்துவிட்டது என்று அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்போம்மா?"

"மூணு வாரம் முன்னாடி."

"ஒரு தடவைதானா?"

பரீஹா மாமியைப் பார்த்தாள். மாமி இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "ஆமா" என்றாள்.

ஷ்ருதி கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துப் பிரித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "அப்படின்னா இது இல்லையே" என்றாள். "மார்ச் வரைக்கும் நம்பர் குறைஞ்சுண்டே வந்திருக்கு. ஏப்ரல்லேர்ந்து ஏறறது. மூணு மாசமா தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனாத்தான் இவ்வளவு ஏறுங்கறார் டாக்டர். ஒரு நாள் அரைச்சதுனால இல்லை அக்கா இது."

பெண்ணைப் பொய் சொல்ல வைத்தும் அந்தப் பொய் ஒன்றுக்கும் ஆகவில்லை. கோதுமை இன்னும் இந்த வீட்டுக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

"நீங்க ஒரு தடவை எனக்குப் பண்ணிக் காட்டுங்கோ" என்றாள் ஷ்ருதி. "முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். எப்படிப் பண்ணுவேளோ அப்படியே."

அதைக் கேட்டதும் சபுராவுக்கு உயிர் வந்தது. அவள் செய்கிற சுத்தத்தை ஒருத்தரும் இதுவரை பார்த்ததில்லை. அரைக்கிற நேரத்தில் பரீஹாவைக்கூட மச்சை விட்டு இறங்க விடமாட்டாள். ஒருத்தர் பார்த்தால் தெரிந்துவிடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். துணியை எடுத்தாள். மேல் கல்லைத் திருகிக் கழற்றிக் காட்டினாள்.

"இந்தப் பிரஷ்ஷு இதுக்கு மட்டுந்தான். வேற எதையும் தொடாது. இந்தத் துணி, வெந்நீர்ல அலசிக் காயப்போட்டது. குழிக்குள்ள பாருங்க, பொட்டு மாவு நிக்காது." ஷ்ருதி குனிந்து பார்த்தாள். விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. "சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். பரீஹாவும் முதல் தடவையாகப் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

சபுரா கல்லை மாட்டினாள். ஐஸ் பெட்டியிலிருந்து பாதாம் டப்பாவை எடுத்து வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். மிஷின் உறுமி எழுந்தது. அலமாரியிலிருந்து மூடி இறுக்கிய கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, மேலே விட்டாள். சர்ரென்று இறங்கியது.

"ஆன்ட்டி, அது என்ன?" என்று ஏணியிலிருந்து மிருது கேட்டாள்.

"இதுவா? ரவை கண்ணு. ஒனக்காவத்தான். ரொட்டி கடக்கு கடக்குங்குன்னு சொன்னேல்லா? அதுலேருந்து அரிசிய விட்டுட்டு இதத்தான் போடுதேன். பாதாமுக்கு முந்தி ஒரு கை, பொறவு ஒரு கை. இப்பம் கடக்குங்கல்லேல்லா?"

"இல்லை" என்றாள் மிருது.

"அக்கா" என்றாள் ஷ்ருதி. "மிஷினை நிறுத்துங்கோ."

சத்தத்தில் சபுராவுக்குக் கேட்கவில்லை. ஒரு கையில் பாட்டிலோடு பாதாம் டப்பாவைத் திறக்கப் போனாள். ஷ்ருதி எழுந்து வந்து தானே சுவிட்சை அணைத்தாள். கல் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"ரவை எதுலேர்ந்து வரது அக்கா?"

இது என்ன கேள்வி என்று சபுரா நினைத்தாள். "கப்பக்கிழங்குலேருந்து. ஜவ்வரிசி எடுக்காவல்லா, அதே மாரிதான்."

"அரிசிய ஒடைச்சுல்லா எடுக்காவ" என்றான் காசிம்.

பரீஹா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "மாமி, சூஜி கேஹூதான்" என்றாள் மெல்ல.

"கோதுமை அக்கா" என்றாள் ஷ்ருதி. "கோதுமையை உடைச்சுத்தான் ரவை எடுக்கறா."

சபுரா பாட்டிலைப் பார்த்தாள். வெள்ளையாக, மணி மணியாக, எப்போதும் இருக்கிற ரவையாகத்தான் இருந்தது. மேலப்பாளையத்தில் பெருநாளைக்கு ரவை வறுத்த காலத்திலிருந்து அவளுக்குக் கோதுமை என்றால் செம்பழுப்பாக நடுவில் கீறலோடு இருக்கிற மணி. ரவை என்றால் ரவை. இரண்டையும் அவள் ஒருநாளும் பக்கத்தில் வைத்து நினைத்ததில்லை. ரேஷன் கோதுமையை மிஷின் பக்கமே அண்ட விடாதவள், அலமாரியில் தன் கையாலேயே அதை மூடி போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். பிள்ளையின் பல்லுக்கு நோகக்கூடாதென்று, அரைக்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு கை.

"எப்போலேர்ந்து போடறேள்?"

"நோன்புப் பெருநா கழிஞ்சு." சபுரா பாட்டிலைக் கீழே வைத்தாள். "ஏப்ரல்."

ஷ்ருதி கீழே உட்கார்ந்துவிட்டாள். ரிப்போர்ட் மடியில் கிடந்தது. சபுரா அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டியபடி இருந்தாள்.

"எங்கையாலேயே பிள்ளைக்கு வெசத்தக் குடுத்திருக்கேனே ஷ்ருதிம்மா. நல்லாருக்கும்னுதான் போட்டேன். எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

மிருது ஏணியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"தெரிஞ்சா போட்டேள்?" என்றாள் ஷ்ருதி. "என் மேலயும் தப்பு. ஊர்ல இருக்கற லேபிள் எல்லாம் படிக்கறேன். கல்லை எதைப் போட்டுத் துடைக்கறேள்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. மில்லுல முதல்ல கேக்கற கேள்விதானே." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இந்தக் கல்லு இனிமே ஆகாது. மாத்திடுங்கோ. அரிசியே போடுங்கோ, கடக்குன்னா கடக்குன்னு இருக்கட்டும். ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட் பாக்கலாம். குரூப்ல நானே சொல்லிடறேன், மத்த குழந்தைகளுக்கும் டெஸ்ட் எடுக்கட்டும். நீங்க மறைக்கலை, கேட்டதும் காட்டினேள்னு சொல்றேன்."

சபுராவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஷ்ருதி மிருதுவுக்கு ரெயின்கோட் மாட்டிவிட்டாள். வாசலில் நின்று பரீஹாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் இனிமே ஜாக்கிரதையா இரும்மா. அந்த மிஷின் பக்கமே போகாதே. உங்க மாமியார் எவ்வளவு கவனமாப் பண்றா பாத்தியோல்லியோ."

பரீஹா தலையை ஆட்டினாள்.

அவர்கள் சந்து திரும்பும் வரைக்கும் மூன்று பேரும் நின்றார்கள். பிறகு காசிம் பெருமூச்சு விட்டுப் பாயில் உட்கார்ந்தான். "அல்லா காப்பாத்துனான். மத்தவளா இருந்தா போலீசுக்குப் போயிருப்பா. தப்பிச்சோம்னு இரு."

பரீஹா சிந்தின ரவையைத் துணியால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"நான் அரைக்கலைன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். இல்ல மாமி?"

"தெரியுந் தாயி."

"அந்த அக்காவுக்குத் தெரியாது. நாளைக்கி இந்த வீட்ல எது கெட்டுப்போனாலும் அவங்க என்னைத்தான் நினைப்பாங்க. நான் இனிமே நிஜம் சொன்னாலும், ஒருநாள் மிஷின்ல கேஹூ போட்டவ சொல்றதுதானே அது."

"அதெல்லாம் போவப் போவ மறந்துருவாவ" என்றான் காசிம். "இப்பம் போயி அதக் கிண்டாத. கூடி வந்தது கெட்டுப்போவும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. பிழைப்பு தப்பிவிட்டது. இந்தக் கதவைச் சாத்திக்கொண்டு கல்லை மாற்றினால் போதும். பரீஹா துணியை மடித்து ஓரமாக வைத்தாள். மதியம் அவள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் சபுராவுக்கு நினைவு வந்தது. சபுரா செருப்பைத் தேடவில்லை, குடையையும் எடுக்கவில்லை. காசிம் கூப்பிடக் கூப்பிட வாசலைத் தாண்டினாள்.

சந்தில் கணுக்கால் தண்ணீர். குப்பையும் ரப்பர் துண்டுகளும் காலில் இடித்தன. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்தச் சந்தில் ஓடியதில்லை. மெயின் ரோட்டுக்கு வந்தபோது ஷ்ருதியும் பிள்ளையும் ஆட்டோவுக்குள் ஏறிவிட்டிருந்தார்கள். டிரைவர் பிளாஸ்டிக் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். சபுரா திரையைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஷ்ருதிம்மா, அந்தப் பிள்ளை அரைக்கல."

"எந்தப் பிள்ளை?"

"பரீஹா. அவ மிஷினத் தொட்டதே இல்ல. நாந்தான் அப்படிச் சொல்லுன்னு சொன்னேன். மாட்டேன்னா. நாந்தான் சொல்ல வச்சேன்."

ஷ்ருதி அவளைப் பார்த்தாள். சபுராவின் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகி ஆட்டோவின் சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரவை தெரியாமப் போட்டேள். இதுவும் தெரியாமத்தானா?"

"இல்ல. தெரிஞ்சுதான்."

"அவ சொன்னதும் நான் நம்பிட்டேன் அக்கா. ரிப்போர்ட்டைக் கையோட எடுத்துண்டு வரலைன்னா, சரி காரணம் கிடைச்சுடுத்துன்னு ஆத்துக்குப் போயிருப்பேன். நீங்க கல்லை மாத்திட்டு மறுபடி ரவை போட்டிருப்பேள். இவ தின்னுண்டே இருந்திருப்பா."

சபுராவுக்கு அது வரைக்கும் அந்தக் கணக்கு புத்தியில் ஏறியிருக்கவில்லை. பரீஹாவுக்குச் செய்த அநியாயம் மட்டும்தான் என்று நினைத்து ஓடி வந்திருந்தாள்.

"இனிமே மாவு அனுப்பாதீங்கோ" என்றாள் ஷ்ருதி. குரல் உயரவில்லை. "சலோ பையா."

"அம்மா, மாவு ஆன்ட்டி நனையறா" என்று மிருது சொன்னது, ஆட்டோ கிளம்பின சத்தத்தில் பாதிதான் கேட்டது.

சபுரா ரோட்டோரத்தில் நின்றாள். பெஸ்ட் பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. திரும்பியபோது சந்தின் முனையில் பரீஹா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் சபுராவின் ரப்பர் செருப்பு.

"சொல்லிட்டேன்" என்றாள் சபுரா.

"கேட்டுச்சு மாமி."

"இனி வரமாட்டாவ. மத்த அஞ்சு பேரும் வரமாட்டாவ."

பரீஹா குனிந்து, செருப்பிரண்டையும் தண்ணீர் இல்லாத மேட்டில் ஜோடி சேர்த்து வைத்தாள்.

"போட்டுக்கோங்க. வழியெல்லாம் கண்ணாடித் துண்டு கிடக்கு."

சபுரா மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள்.